நான் மிதிக்க மிதிக்க வளர்ந்த நிலா

மலை என்றால் ஏற்றம், ஏற்றம் என்றால் சைக்கிளை விட்டு இறங்கி மூச்சு வாங்கத் தள்ளவேண்டும் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். யாங்ஷுவோவுக்குப் போகும்வரை! எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை, நூற்றுக்கணக்கில் மலை, ஆனால் என் சக்கரத்துக்குக் கீழே ஓடும் பாதையோ கேரம் போர்டு மாதிரி சமதளம். நெல்வயலின் நடுவிலிருந்து திடுதிப்பென்று செங்குத்தாக எழுந்து நிற்கிறது ஒவ்வொரு மலையும். அடிவாரச் சரிவு என்ற பேச்சே இல்லை. வயல், உடனே மலை! தென்சீனாவில் குவாங்ஷி பகுதியில், குய்லினைச் சேர்ந்த யாங்ஷுவோ. அங்கே லீ ஆற்றில் போய்ச் சேரும் யூலோங் என்ற சின்ன ஆறு. அதன் கரையில் ஒரே ஒரு நாள் சைக்கிள் ஓட்டினேன், அதைப் பற்றி இன்னும் பேசி முடிக்கவில்லை.

கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அக்டோபர் மாதம், இன்னும் சரியாக விடியவில்லை. ஹேண்டில்பார் ஜில்லென்று இருக்கிறது. இருட்டில் எங்கிருந்தோ ஒரு வாசனை வருகிறது, பழுத்த பழமும் தேனும் கலந்த மாதிரி. குய்ஹுவா பூ! அரிசிமணி அளவுதான் இருக்கும், இலைக்காம்புகளின் அடியில் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும், ஆனால் தெருவையே தூக்கிக்கொண்டு போகும். குய்லின் என்ற பெயருக்கே அந்த மரங்களின் காடு என்றுதான் அர்த்தம். நானும் என் மனைவியும் வாடகைக்கு எடுத்த இரண்டு சைக்கிள்களில் அந்த வாசனைக்குள்ளேயே மிதித்துப் போனோம்.

முதலில் யூலோங் பாலம். 1412-இல், மிங் வம்சத்தார் காலத்தில் கட்டியது. ஒரே வளைவு, சாந்து பூசாமல் கல்லோடு கல்லைக் கவ்வவிட்டுக் கட்டியிருக்கிறார்கள், இரண்டு பக்கமும் கொடிகள் தாடி மாதிரி தொங்குகின்றன. யூலோங் என்றால் நாகத்தை, அந்தச் சீனத்து டிராகனைச் சந்திப்பது என்று பொருளாம். நான் போனபோது பாலத்தின் அரைவட்டமும் தண்ணீரில் விழுந்த அதன் நிழலும் ஒட்டிக்கொண்டு முழு வட்டமாக நின்றன, அதற்கு நடுவே பனிமூட்டம் மெதுவாக நகர்ந்து போனது. சைக்கிளை ஸ்டாண்டு போடக்கூடத் தோன்றவில்லை, அப்படியே புல்லில் சாய்த்துவிட்டு ஓடினேன், 600 வருஷத்துக் கல்லில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். கண் கலங்கிவிட்டது. சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அங்கிருந்து ஆறு போகிற போக்கில் கீழ்நோக்கி மிதிக்க ஆரம்பித்தோம் பாருங்கள், அடடா, அதை எப்படிச் சொல்வேன்! இடது கைப்பக்கம் ஆறு, அடியில் பாசி தலைமுடி மாதிரி அலைவது தெரிகிற அளவுக்குத் தெளிந்த பச்சைத் தண்ணீர், வலது பக்கம் கதிர் முற்றி மஞ்சளாகச் சாய்ந்து கிடக்கும் வயல், வயலுக்கு அப்பால் பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வரும் மலைகள், ஒன்று மூக்கு மாதிரி, ஒன்று கவிழ்த்துவைத்த மரக்கால் மாதிரி, ஒன்று படுத்திருக்கும் யானை மாதிரி, அதற்குள் பாதை வளைய, யானை எழுந்து நின்று வேறொன்றாகிவிட, அதன் முதுகுக்குப் பின்னாலிருந்து இன்னும் மூன்று மலைகள் எட்டிப் பார்க்க, எல்லாவற்றின் தலைகீழ் உருவமும் ஆற்றில் கூடவே ஓடிவர, எதைப் பார்ப்பது எதை விடுவது என்று தெரியாமல் நான் ஒவ்வொரு வளைவிலும் பெல்லை அடித்தேன், எதிரே ஒரு ஈ காக்காய் கிடையாது, மலைகளுக்காகத்தான் அடித்தேன். ஓர் எருமை மட்டும் கழுத்தளவு தண்ணீரில் நின்றபடி திரும்பிப் பார்த்தது. பின்னாலிருந்து என் மனைவி, “ஏங்க, ரோட்டப் பாத்து ஓட்டுங்க!” என்று கத்தினாள். அவளும்தான் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இது சைக்கிளுக்காகவே செய்த நிலம் என்று சத்தியம் செய்வேன். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் கடலுக்கடியில் படிந்த சுண்ணாம்புக்கல் மேலே எழும்பி வர, அதை மழையும் ஆறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத் தின்றிருக்கின்றன. கரைந்தது போக எஞ்சியவைதான் இந்த மலைகள். அடியில் ஒட்டிக்கொண்டு கும்பலாக நிற்காமல் சமவெளியில் தனித்தனியாக நிற்கும் இந்த வகைக்குச் சீனர்கள் ஃபெங்லின் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், சிகரக் காடு. அதனால்தான் மலைகளுக்கு நடுவே புகுந்து புறப்படலாம், ஒரு மேடும் ஏற வேண்டாம். குய்லினின் இந்தச் சுண்ணாம்பு நிலத்தை 2014-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சேர்க்காமல் இருக்க முடியுமா?

பசி வந்தது. பாதையோரக் கடையில் அரிசி நூடுல்ஸ். வழுக்கிக்கொண்டு தொண்டையில் இறங்கும் வெள்ளை இழைகள், மேலே வறுத்த வேர்க்கடலை, புளிக்கவைத்த காராமணி, மிளகாய், வெங்காயத்தாள். நான் இரண்டு கிண்ணம்! 20 யுவான் நோட்டை நீட்டும்போது பார்க்கிறேன், அதன் பின்பக்கம் லீ ஆறும் இதே மாதிரி மலைகளும். கையில் ஒரு மலைத்தொடர், கண்ணெதிரே ஒரு மலைத்தொடர்! கடைக்காரப் பாட்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு முழுப் பம்பளிமாஸைக் கையில் திணித்தார். காசு வாங்கவே இல்லை.

பத்து மணிக்கு மேல் மூங்கில் தெப்பங்கள் வந்தன. மோட்டார் கிடையாது, ஒரு தெப்பத்துக்கு இரண்டு நாற்காலி, பின்னால் கழி ஊன்றும் ஒரு ஆள், அவ்வளவுதான். ஆற்றில் வரிசையாகத் தடுப்பணைகள். தெப்பம் விளிம்புக்கு வந்து ஒரு நொடி தயங்கும், மூக்கைக் குத்திச் சளேரென்று கீழே பாயும், உட்கார்ந்திருப்பவர்கள் அலறுவார்கள், கரையில் சைக்கிளோடு நின்ற நானும் சேர்ந்து அலறினேன். ஒன்று விடாமல் பதினோரு தெப்பங்களுக்கு அலறினேன். துறைகளுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நெரிசல்தான், ஆனால் நாலு மிதி மிதித்தால் மறுபடி ஆறும் நாமும்தான்.

பிறகு ஓட்டை விழுந்த நிலா மலை. இதற்காகவாவது நீங்கள் போயே ஆகவேண்டும்! உச்சியில் வில்லாக வளைந்த பெரிய துவாரம், அதற்குப் பின்னால் இன்னொரு குன்று அதைப் பாதி மறைத்துக்கொண்டு நிற்கிறது. சாலையில் மெதுவாக மிதித்தபடியே மேலே பார்க்கவேண்டும். முதலில் மெல்லிய பிறை. மிதிக்கிறேன், பிறை தடிக்கிறது. இன்னும் மிதிக்கிறேன், அரை நிலா. மிதிக்க மிதிக்க வளர்கிறது, என் கால்தான் அதை வளர்க்கிறது, பௌர்ணமிக்குப் போய் முழுசாக வானம் நிறைந்து நிற்கிறது, ஐயோ, அப்போது நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது! அதைத் தாண்டினால் தேய ஆரம்பிக்கிறது. காரில் போனால் இது கண்ணுக்குள் நுழைவதற்குள் முடிந்துவிடும், நடந்து போனால் வளர்வதே தெரியாது, சைக்கிளின் வேகத்தில்தான் பதினைந்து நாள் வானம் சில நிமிஷத்தில் கிடைக்கிறது. நான் திரும்பி வந்தேன். மறுபடி பிறை, மறுபடி பௌர்ணமி. மறுபடி திரும்பினேன்.

என் மனைவி மரத்தடியில் உட்கார்ந்து பம்பளிமாஸை உரித்துக்கொண்டிருந்தாள். “இது நாலாவது தடவைங்க,” என்றாள். சுளையை வாயில் போட்டுக்கொண்டு, தன் சைக்கிளை நிமிர்த்தி, என்னோடு அவளும் ஏறிக்கொண்டாள்.