கோணேசர் கல்வெட்டும் குடிவழி மரபும்

கோணேசர் கல்வெட்டு பெயரளவிற் கல்வெட்டேயன்றிக் கல்லிற் பொறிக்கப்பட்டதன்று; ஏட்டில் வழங்கிவந்த நூல். கவிராசவரோதயன் இயற்றியதாகக் கூறப்படும் இந்நூலில் உரையும் பாட்டும் விரவி வருகின்றன. குளமும் கோட்டமும் அமைத்தமையாற் குளக்கோட்டன் எனப் பெயர்பெற்ற வேந்தன், மருங்கூர் முதலிய ஊர்களிலிருந்து குடிகளை அழைத்துவந்து, தானத்தார், வரிப்பத்தார் என வகுத்துக் கோயிற்பணியை அவர்க்கு உரிமையாக்கினான் என்பதும், அவரிடையே எழும் வழக்குகளைத் தீர்க்கத் தனியுண்ணாப் பூபாலனை மதுரையினின்று வருவித்தான் என்பதும் அது கூறும் செய்திகள்.

கோயிலொழுகு கூறும் நூல் திருமணத்தோடு தொடர்புறுவது எங்ஙனம்? கிழக்கு மாகாணத்தில் மணம் பேசுவோர் ஊரையும் குடியையும் வினவுதல் பழைய வழக்கு. மட்டக்களப்புப் பகுதியிற் குடி தாய்வழியாக வருவது. ஒரே குடியிற் பிறந்தார் தம்முள் மணஞ்செய்தல் விலக்கப்பட்டது. இத்தகைய சூழலில், ‘இன்னார் வழியினர்’ என்பதற்குப் பழைய ஏடொன்று சான்றாகுமாயின், அவ்வழியின் மதிப்பு உயர்தல் இயல்பே.

ஆயின், அச்சான்றின் வலிமையை அளந்தறிதல் வேண்டும். கல்வெட்டுக் குடிகளைத் தொகுத்துக் கூறி, அவரவர் கடமையை வரையறுக்கின்றதேயன்றித் தந்தை, மைந்தன், பேரன் எனத் தலைமுறைகளைத் தொடுத்துச் செல்லவில்லை. மணமாகி வந்த மகளிர் எவ்வூரார், எக்குடியினர் என்பதையும் அது விரித்துரைக்கவில்லை. எனவே, நூலிற் கண்ட குடிக்கும் இன்றைய குடும்பத்துக்கும் இடையே கிடக்கும் நெடுங்காலத்தை நிரப்புவது ஏடன்று; முதியோரின் நினைவே. அந்நினைவு போற்றத்தக்கது, எனினும், உறவினர் விருப்பு வெறுப்புக்கேற்ப விரிந்தும் சுருங்கியும் வருவது. அதனை ஏட்டின் தீர்ப்பெனக் கொள்வது பொருந்தாது.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. குளக்கோட்டன் மணந்ததாகக் கதைகள் போற்றும் ஆடகசவுந்தரி, பிறந்த நாட்டார் பேழையில் வைத்துக் கடலில் விட, அலைகளால் ஈழக்கரை சேர்ந்து வளர்ந்தவள் என்பர். குடிகளுக்கெல்லாம் முறைமை வகுத்தவனாகப் பேசப்படும் வேந்தன் கைப்பிடித்தது, கடல்வழி வந்த அநாதைப் பெண்ணை! கதையே ஆயினும், குடிவழி ஒன்றே பெண்ணின் பெருமைக்கு அளவுகோலன்று என்பதை இந்நாட்டு மரபே அறிந்திருந்தது என்பதற்கு இது கரியாகும்.

திருக்கோணமலையோ துறைமுகப் பட்டினம். 1957ஆம் ஆண்டு வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாயிருந்த அவ்விடத்துக்குத் தொழில் நாடி வந்து தங்கினோர் பலர். பழைய குடிவரிசையில் அவர் பெயரை எதிர்பார்த்தல் இயலாது. கல்வெட்டில் இல்லை என்பதனால் அவர் மகளிரை இழித்துரைப்பின், அது நூல் சொல்லாததை நூலின்மேல் ஏற்றுவதாகும்.

நம் முன்னோர் யாவர் என்பதனினும், அவர் எப்பணியை ஏற்றனர் என்பதையே கோணேசர் கல்வெட்டு வற்புறுத்துகின்றது. குளத்தையும் கோயிலையும் பேணும் கடமையை மறந்து, பெண் கேட்கும் வேளையில் மட்டும் குடிப்பெயரை நினைப்பவர் அந்நூலைக் கற்றவராகார்.