கொத்துமல்லி மணக்கும் பீர்

கடலூரிலிருந்து பெண்ணையாற்றைத் தாண்டினால் கன்னியக்கோயில், புதுச்சேரி எல்லை. வெளிநாட்டு பீரை ருசிபார்க்கச் சிதம்பரத்து நண்பர்களும் இந்த வழியாகத்தான் வருவார்கள்.

இரண்டு கோதுமை பீர்களை அடுத்தடுத்துக் குடித்துப் பார்க்க வேண்டும். பெல்ஜியத்து ஹூகார்டனில் கொத்துமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்க்கிறார்கள். அழிந்துபோயிருந்த இந்த வகையை 1966இல் மீட்டவர் பியர் செலிஸ் என்ற பால்காரர். ஜெர்மனியின் வைஸ்பியரில் மசாலா எதுவும் கிடையாது. ஆனாலும் முதல் மடக்கிலேயே வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். அத்தனையும் ஈஸ்ட் செய்யும் வேலை. பாட்டிலின் அடியில் தங்கிய வண்டலை லேசாகச் சுழற்றி ஊற்றினால் டம்ளரில் மோர்போலக் கலங்கி, மேலே வெள்ளை நுரை கட்டும். ரொம்பவும் ஜில்லென்று குடிக்காதீர்கள், மணம் அடங்கிவிடும்.

கொத்துமல்லி வாசம் பிடித்தமானதுதான். ஆனாலும் என் ஓட்டு ஜெர்மன்காரருக்கே.