‘இல்லை’ என்னும் விடையின் மெய்மை: பல பிணையத் தொடர்புடைய கணினிகளில் பெயரறிதல் – ஒரு திறனாய்வு

முன்னுரை

பட்டாபிராமில் 2024 நவம்பரில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. இத்தகைய வளாகங்களில் பணியாற்றுவோரின் மடிக்கணினி பெரும்பாலும் ஒரே வேளையில் வைஃபை, கைப்பேசி வழி இணைப்பு, நிறுவனத்தின் விபிஎன் எனப் பல பிணையங்களில் இணைந்திருக்கும். அந்நிலையில் ஒரு களப்பெயருக்குரிய முகவரியை எந்தப் பிணையத்தின் பெயர்ச் சேவையகத்திடம் கேட்பது என்பது எளிய வினா அன்று. இதற்கு இன்றுள்ள தீர்வுகள் எத்தகைய விடையை உண்மை எனக் கொள்கின்றன என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

ஒரு பெயர், பல சூழல்

1987இல் வெளியான ஆர்எஃப்சி 1034, 1035 ஆகிய ஆவணங்கள் களப்பெயர் முறைமையை ஒரே வேரிலிருந்து கிளைக்கும் மரமாக வகுத்தன. 2000இல் வந்த ஆர்எஃப்சி 2826 அவ்வொருமையை வலியுறுத்தியது. எனினும் தனியார் பிணையங்கள் தமக்கெனப் பெயர்வெளி வைத்துக்கொள்வதை அது மறுக்கவில்லை. பொதுவெளி, தனிவெளி என்னும் இவ்விரண்டும் தனித்தனிக் கணினிகளில் வழங்கியவரை முரண் எழவில்லை. ஒரே கணினி இரண்டிலும் கால் வைத்தபோதே சிக்கல் பிறந்தது.

இடப்பெயர் வழக்கிலும் இதற்கு ஒப்புமை உண்டு. அரக்கோணம் செல்லும் முதன்மைப் பாதையில் பட்டாபிராம் ஒரு நிலையம்; கிளைப்பாதையில் பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் வேறொரு நிலையம். ‘பட்டாபிராம்’ என்று மட்டும் சொல்பவர் எதைக் குறிக்கிறார் என்பதைக் கேட்பவரின் சூழலே முடிவு செய்கிறது. கணினிக்கு அச்சூழலறிவு இல்லை.

விடையின் வகைகள்

நன்னூல் விடையை எட்டு வகையாகப் பகுக்கிறது. அவற்றுள் இரண்டு இங்குப் பயன்படும். ‘அப்பெயர் இல்லை’ எனச் சேவையகம் மறுப்பது மறை விடை. ‘என்னால் இயலவில்லை’ எனத் தன் பழுதை உரைப்பது உற்றதுரைத்தலுக்கு ஒப்பானது. எவ்விடையும் வாராமல் காலம் கடப்பது விடையே அன்று. உலாவியின் முன் அமர்ந்திருப்பவருக்கு இம்மூன்றும் ‘தளத்தை அடைய இயலவில்லை’ என்னும் ஒரே தோற்றத்தில் வந்து சேர்கின்றன.

லினக்ஸில் பரவலாக வழங்கும் ஜிலிப்சி நூலகம் மூன்று சேவையகங்கள் வரை ஏற்று, இயல்பாக அவற்றை வரிசையாக வினவும். முதற் சேவையகம் வாளாவிருந்தாலோ பழுதுரைத்தாலோ அடுத்ததை நாடும். மறை விடை தந்தால் அங்கேயே நின்றுவிடும். அலுவலக உட்பெயரை அறியாத வீட்டு இணைப்பின் சேவையகம் முதலில் இருந்தால், அதன் ‘இல்லை’ இறுதித் தீர்ப்பாகிவிடுகிறது. அச்சேவையகம் பொய் கூறவில்லை. தன் எல்லைக்குள் மெய்யே கூறியது. எல்லைக்குட்பட்ட மறுப்பை எல்லையற்றதாகக் கொண்டதே பிழை.

விண்டோஸ் 8 முதல் மாற்றுவழி ஒன்று புகுந்தது: எல்லா இணைப்புகளின் சேவையகங்களுக்கும் ஒரே வேளையில் வினா செல்லும். மறை விடையின் ஆதிக்கம் இதனால் தளர்ந்தது. ஆனால் நிறுவனத்தின் உட்பெயர் கைப்பேசி இணைப்பின் சேவையகத்துக்கும் தெரிந்துவிடுகிறது. கொள்கை அமைப்பின் வழி இதனை நிறுத்த இயலும் என்பதே இதன் விலை உணரப்பட்டதற்குச் சான்று.

தரநிலைகளின் எல்லை

2011இன் ஆர்எஃப்சி 6418 இச்சிக்கலை முறையாக விவரித்தது. 2012இன் ஆர்எஃப்சி 6731, எந்தக் களப்பெயரை எந்தச் சேவையகம் அறியும் என்பதைப் பிணையமே கணினிக்கு அறிவிக்க வழிவகுத்தது. இது சூழலறிவை ஊட்டும் முயற்சி; கருத்தளவில் சரியானது. ஆயினும் அறிவிக்கும் பிணையம் நேர்மையானதா என்னும் வினா எஞ்சுகிறது. உணவகத்து வைஃபை ‘வங்கியின் பெயர்களை நானே அறிவேன்’ என உரைத்தால் என் செய்வது? நம்பகமான வழியில் வரும் அறிவிப்பையே ஏற்க வேண்டும் என அவ்வாவணம் கூறுகிறது. நம்பகத்தை வரையறுக்கும் பொறுப்போ நிர்வாகியிடம் விடப்படுகிறது. நிர்வாகி இல்லாத தனியர், சிறு கல்லூரி, சிறு அலுவலகம் ஆகியோர்க்கு இத்தீர்வு எட்டாமலே நிற்கிறது.

பழுதறியும் முறையும் இதனால் தெளிவாகிறது. ‘இணையம் இருக்கிறதா?’ என்பதன்று முதல் வினா. ‘விடை தந்தவர் யார்?’ என்பதே. ஒவ்வொரு சேவையகத்தையும் என்எஸ்லுக்அப் போன்ற கருவியால் தனித்தனியே வினவி, விடை எவ்வகையது எனப் பிரித்தறிதல் வேண்டும். முகவரி சரியாகக் கிடைத்தும் தளம் திறவாவிடின், தரவு வேறு இணைப்பின் வழியே செல்கிறதா என வழியட்டவணையை நோக்குதல் வேண்டும். பெயரறிதலும் வழியறிதலும் வெவ்வேறு.

கலைச்சொல் குறித்து ஒன்று

‘ரெசல்யூஷன்’ என்பதைத் ‘தீர்மானம்’ எனப் பெயர்த்தால், விடை முடிந்த முடிபு என்னும் பொருள் தோன்றுகிறது. மேற்கண்ட சிக்கலின் வேரும் அவ்வெண்ணமே. ‘பெயரறிதல்’ என்பதில் அறிபவரின் எல்லையும் உடன் உணரப்படுகிறது. ஆதலின் அது பாடநூல்களுக்குப் பொருந்தும்.

முடிவுரை

வரிசைமுறை மறை விடையை மிகையாக நம்புகிறது. ஒருங்குவினவல் மறைவடக்கத்தை இழக்கிறது. அறிவிப்புமுறை நம்பிக்கையைப் பிறரிடம் ஒப்படைக்கிறது. மூன்றிலும் பயனருக்கு விடையின் மூலம் காட்டப்படுவதில்லை. யார், எந்தப் பிணையத்திலிருந்து ‘இல்லை’ என்றார் என்பதைப் பயனர் மொழியிலேயே தெரிவிக்கும் பிழைச்செய்தி உடனடித் தேவை. அச்செய்தியைச் செம்மையாக வரைவது பொறியியலார் பணி மட்டுமன்று. தமிழ் ஆய்வாளரின் பணியும் ஆகும்.