எல்டி திரும்பிப் பார்க்காது

இலஞ்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவியின் கடிதம். 'சார், ஸ்கொயர் ரூட் கண்டுபிடிக்கிற சி புரொகிராம். காலேஜ் லேப்ல ஓடிச்சு. வீட்டு உபுண்டுல லிங்க் ஆகமாட்டேங்குது. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் என் கணக்கையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். மறுநாள் ஒரு சீனியர் அக்கா, மைனஸ் எல்எம்-ஐ கடைசியில போடுன்னாங்க. ஓடிருச்சு. ஏன்?'

கணக்கில் தப்பில்லை. தப்பு, எல்டி என்கிற லிங்க்கரின் சுபாவத்தில். கொடுத்த ஃபைல்களை இடமிருந்து வலமாக ஒரே நடையில் பார்க்கும். லைப்ரரியைக் கடக்கும்போது அதுவரை யாருக்கு என்ன தேவைப்பட்டதோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளும். தென்காசிக் கடைத்தெருவைத் தாண்டி இலஞ்சி வீட்டுக்கு வந்தபிறகு 'என்ன வேணும்?' என்று விசாரித்து, புளி கிடைக்கவில்லை என்று சண்டை போடும் ஆசாமி.

லேபில் ஓடியதற்குக் காரணம் உண்டு. ஷேர்டு லைப்ரரி என்றால் பழைய எல்டி, தேவையோ இல்லையோ சேர்த்துக்கொள்ளும். உபுண்டு 2011-ல், 11.10 பதிப்பிலிருந்து, தேவைப்பட்டால்தான் சேர்ப்பேன் என்று மாற்றிக்கொண்டது. '.ஏ' என்று முடியும் பழைய ரக லைப்ரரிகளுக்கோ ஆதியிலிருந்தே இந்த வரிசைக் கண்டிப்பு.

எழுபதுகளில் இதற்கு நியாயம் இருந்தது. பிடிபி-11-ல் ஒரு புரொகிராமுக்கு 64 கிலோபைட் முகவரிதான். ஒருமுறை படிப்பதே பெரிய காரியம். லைப்ரரிக்குள் இருப்பதைச் சரியாக அடுக்குவதற்கென்றே 'டிசார்ட்' என்று தனி புரொகிராம் எழுதினார்கள். அது இன்னமும் லினக்ஸில் இருக்கிறது, வேலையில்லாத தாத்தா மாதிரி.

இப்போது? எல்எல்விஎம்-காரர்களின் எல்எல்டி, கடந்துவந்த லைப்ரரியில் என்னென்ன இருந்தது என்று ஞாபகம் வைத்துக்கொள்கிறது. வரிசை மாறினாலும் கோபிப்பதில்லை. ஆகவே முடியாத காரியம் என்று சாக்குச் சொல்ல முடியாது.

க்னூ எல்டியின் கையேடு இந்த விதியைத் தெளிவாகவே சொல்கிறது. என் புகார் எரர் மெசேஜ் பற்றி. 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று மொட்டையாக முடித்துவிடுகிறது. 'நீ சொன்ன லைப்ரரியில் இது இருந்தது, முன்னாடியே தாண்டிவிட்டேன்' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அந்தப் பெண் பன்னிரண்டு மணிக்குத் தூங்கியிருப்பாள்.

வரிசைக்கு ஒரு நல்ல உபயோகமும் உண்டு, மறுக்கவில்லை. இரண்டு லைப்ரரியில் ஒரே பெயர் இருந்தால் முன்னால் வருவது ஜெயிக்கும்.

இரண்டும் ஒன்றையொன்று நம்பியிருந்தால் முதலாவதை மறுபடி கடைசியிலும் எழுதும்மா. பார்க்க அசிங்கமாக இருக்கும். ஓடும்.