ஹஜிமே மொரியாசு

ஹஜிமே மொரியாசு (பிறப்பு: ஆகஸ்ட் 23, 1968) ஜப்பானிய கால்பந்து வீரர், பயிற்சியாளர். தேசிய அணியில் தற்காப்பு நடுக்கள வீரராக ஆடினார். பயிற்சியாளராக சான்ஃப்ரெச்சே ஹிரோஷிமா கழகத்தை மூன்று முறை ஜே1 லீக் சாம்பியனாக்கினார். 2018-ல் தேசிய அணியின் பொறுப்பை ஏற்றார். 2022 உலகக்கோப்பையில் இவரது அணி ஜெர்மனியையும் ஸ்பெயினையும் வென்றது. பின்தங்கிய ஆட்டத்தை இரண்டாம் பாதியில் திருப்புபவர் என்று அறியப்படுகிறார். அந்த அணுகுமுறையின் பலமும் எல்லையும் இவரது பணிவாழ்வில் சேர்ந்தே காணக்கிடைக்கின்றன.

ஆட்டக்காரர்

மொரியாசு ஷிசுவோகா மாகாணத்தின் ககேகவாவில் பிறந்து நாகசாகியில் வளர்ந்தார். 1987-ல் ஹிரோஷிமாவின் மாஸ்டா நிறுவன அணியில் சேர்ந்தார். ஜே லீக் உருவானபோது அந்த அணியே சான்ஃப்ரெச்சே ஹிரோஷிமா ஆயிற்று. மாஸ்டாவில் முன்னர் பயிற்சியளித்த நெதர்லாந்துக்காரரான ஹான்ஸ் ஓஃப்ட் 1992-ல் தேசிய அணிக்குப் பொறுப்பேற்றதும் மொரியாசுவை அழைத்தார். அப்போது அவர் பரவலாக அறியப்படாதவர். எதிரணியின் தாக்குதலை நடுக்களத்தில் உடைத்து, பந்தை எளிமையாகத் தன் அணியினரிடம் சேர்ப்பதே அவரது வேலை. தேசிய அணிக்காக 35 ஆட்டங்கள் ஆடி ஒரு கோல் மட்டுமே அடித்தார் என்பதே அவரது ஆட்டத்தின் இயல்பைச் சொல்லும்.

1993 அக்டோபர் 28 அன்று தோஹாவில் நடந்த ஈராக் ஆட்டம் அவர் வாழ்வின் முக்கியமான நிகழ்வு. 2-1 என முன்னிலையில் இருந்த ஜப்பான், வென்றால் முதல்முறையாக உலகக்கோப்பைக்குத் தகுதிபெறும் நிலை. இஞ்சுரி நேரத்தில், குறுகத் தட்டப்பட்ட ஒரு கார்னரில் இருந்து வந்த பந்தை ஈராக் தலையால் முட்டி கோலாக்கியது. ஆட்டம் சமனில் முடிந்தது, வாய்ப்பு போயிற்று. ஜப்பானில் இது ‘தோஹா துயரம்’ என்று அழைக்கப்படுகிறது. அன்று களத்தில் இருந்தவர்களில் மொரியாசுவும் ஒருவர்.

ஹிரோஷிமா

ஹிரோஷிமாவிலும் நீகாட்டாவிலும் உதவிப் பயிற்சியாளராக இருந்த மொரியாசு 2012-ல் ஹிரோஷிமாவின் தலைமைப் பயிற்சியாளரானார். முந்தைய பயிற்சியாளர் மிஹைலோ பெட்ரோவிச், மூன்று பின்கள வீரர்களைக் கொண்ட துணிச்சலான தாக்குதல் முறையை அங்கே விட்டுச்சென்றிருந்தார். மொரியாசு அதைக் கலைக்கவில்லை. தற்காப்பை இறுக்கி, எப்போது முன்னேறுவது, எப்போது பின்வாங்கி நிற்பது என்பதை ஒழுங்குபடுத்தினார். முதல் ஆண்டிலேயே கழகம் தன் முதல் ஜே1 லீக் பட்டத்தை வென்றது. 2013, 2015 ஆகிய ஆண்டுகளிலும் வென்றது.

இந்த ஆண்டுகளில் மொரிவாகி, நிஷிகாவா போன்ற முக்கிய ஆட்டக்காரர்கள் வசதி மிக்க உராவா ரெட்ஸ் கழகத்துக்குச் சென்றுவிட்டனர். இருப்பதை வைத்து அணியைக் கட்டிய திறமை என்று இப்பட்டங்களைச் சொல்லலாம். ஆனால் 2017-ல் அணி தரமிறங்கும் இடத்துக்குச் சரிந்தபோது அவரால் மாற்றுவழி காண முடியவில்லை. அவ்வாண்டு ஜூலையில் விலகினார்.

தேசிய அணி

2019 ஆசியக் கோப்பை இறுதியில் கத்தாரிடம் தோல்வி, டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் என்று தேசிய அணியின் தொடக்கம் மங்கலாகவே இருந்தது. 2021-ல் உலகக்கோப்பைக்கான இறுதித் தகுதிச்சுற்றின் முதல் மூன்று ஆட்டங்களில் ஓமானிடமும் சவூதி அரேபியாவிடமும் ஜப்பான் தோற்றது. அவரை நீக்க வேண்டும் என்ற குரல் வலுத்தது. ஆஸ்திரேலியாவுக்கு எதிரான அடுத்த ஆட்டத்தில் அவர் நடுக்களத்தை மூவர் கொண்டதாக மாற்றினார். ஜப்பான் 2-1 என வென்றது.

2022 நவம்பர் 23 அன்று ஜெர்மனிக்கு எதிராக ஜப்பான் முதல் பாதியில் 0-1 எனப் பின்தங்கியது. இடைவேளையில் மொரியாசு பின்களத்தை மூவராக்கினார். பின்னர் மிடோமா, அசானோ, டோவான், மினாமினோ எனத் தாக்குதல் வீரர்களை வரிசையாக இறக்கினார். டோவானும் அசானோவும் கோல் அடித்தனர். ஸ்பெயினுக்கு எதிராகவும் இடைவேளையில் டோவான், மிடோமா இருவரையும் இறக்கி, சில நிமிடங்களிலேயே இரண்டு கோல்கள் பெற்றார். ஏறத்தாழ 18 சதவீத நேரமே பந்தை வைத்திருந்த ஜப்பான் அந்த ஆட்டத்தையும் வென்றது. அதன் கடைசி நிமிடத்தில் 1993 தோஹா தன் நினைவுக்கு வந்ததாக அவர் பின்னர் சொன்னார். அடுத்த சுற்றில் குரோஷியாவிடம் பெனால்டி ஷூட்-அவுட்டில் ஜப்பான் வெளியேறியது. யார் உதைப்பது என்பதை ஆட்டக்காரர்களின் விருப்பத்துக்கே விட்டிருந்தார் மொரியாசு. முதல் நான்கு வாய்ப்புகளில் மூன்று வீணாயின.

மதிப்பீடு

இந்த வெற்றிகளை வெறும் தந்திர மேதைமை என்று கொள்வதில் சிக்கல் உண்டு. ஜெர்மனி முதல் பாதியிலேயே ஆட்டத்தை முடித்திருக்க முடியும். அப்பாதியின் இறுதியில் ஹாவர்ட்ஸ் அடித்த கோல் ஆஃப்சைடு என்று நீக்கப்பட்டது. ஸ்பெயினுக்கு எதிரான இரண்டாவது கோலில் பந்து கோட்டைத் தாண்டவில்லை என்பதை வீடியோ நடுவரே உறுதிசெய்ய வேண்டியிருந்தது. பொறுத்திருந்து பின்னர் பாயும் முறைக்கு, பொறுக்கும் நேரத்தில் அதிர்ஷ்டத்தின் துணையும் தேவைப்படுகிறது.

எதிரணியும் காத்திருந்தால் இம்முறை திணறுகிறது. ஸ்பெயினிடம் 0-7 எனத் தோற்றிருந்த கோஸ்டா ரிகா பின்வாங்கி நின்றது. முதல் வரிசையில் ஐந்து பேரை மாற்றி ஆடிய ஜப்பானால் அதை உடைக்க முடியவில்லை. 81-ஆவது நிமிடத்தில் கோல் வாங்கித் தோற்றது.

இதைவிட ஆழமான குறை 2024 ஆசியக் கோப்பையில் வெளிப்பட்டது. கால்இறுதியில் ஈரானுக்கு எதிராக ஜப்பான் முதலில் கோல் அடித்தது. இரண்டாம் பாதியில் ஈரான் நீளப் பந்துகளால் தொடர்ந்து நெருக்கியபோதும் பின்களத்தை மாற்றியமைக்க மொரியாசு தாமதித்தார். இஞ்சுரி நேரப் பெனால்டியில் ஈரான் 2-1 என வென்றது. மாற்று ஆட்டக்காரர்களைச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று அவரே பொறுப்பேற்றார். பின்தங்கும்போது துணிந்து மாற்றுபவர், முன்னிலையிலோ சமநிலையிலோ இருக்கும்போது தயங்குகிறார். தோஹாவை ஒட்டிய அல் ரய்யானில், கடைசி நிமிடத்தில், 1993-இன் வடிவிலேயே அத்தோல்வி நிகழ்ந்தது.

அதற்குப் பின் அவர் செய்த மாற்றமே அவரது பணிவாழ்வில் முக்கியமானது. 2024 செப்டம்பரில் தொடங்கிய இறுதித் தகுதிச்சுற்றில் மிடோமா, டோவான் போன்ற தாக்குதல் வீரர்களை மூவர் பின்களத்தின் இரு பக்கங்களிலும் முதல் நிமிடத்திலிருந்தே ஆடவைத்தார். ஜெர்மனிக்கு எதிராக இரண்டாம் பாதியில் அவசரத்துக்குச் செய்தது இப்போது திட்டமாயிற்று. சீனாவை 7-0 என வென்று தொடங்கிய ஜப்பான், 2025 மார்ச் 20 அன்று பஹ்ரைனை 2-0 என வென்றது. போட்டியை நடத்தும் நாடுகள் நீங்கலாக, 2026 உலகக்கோப்பைக்குத் தகுதிபெற்ற முதல் அணி அதுவே.

ஆயினும் பழைய இயல்பு முற்றாக மறையவில்லை. 2025 அக்டோபரில் டோக்கியோவில் பிரேசிலுக்கு எதிராக இடைவேளையில் 0-2 எனப் பின்தங்கியிருந்த ஜப்பான் 3-2 என வென்றது. பிரேசிலுக்கு எதிராக ஜப்பானின் முதல் வெற்றி அது. மொரியாசுவின் அணிக்கு மீண்டெழத் தெரியும் என்பதில் இனி ஐயமில்லை. முன்னிலையில் இருக்கும்போது ஆட்டத்தைக் கைவிடாமல் முடிக்கவும் தெரியுமா என்பதைக் கொண்டே அவரது இடம் முடிவாகும்.