பெயர் சொல்லும் பெட்டி

தோட்டத்தில் கூவுவது எந்தப் பறவை என்று தாமே கேட்டறிந்து பெயரைத் திரையில் காட்டும் மின்னணுக் கருவிகள் இன்று விலைக்குக் கிடைக்கின்றன. பறவைகளைப் பற்றி ஒன்றும் அறியாதவர்களுக்காகவே இவை செய்யப்பட்டவை என்று விளம்பரம் கூறுகிறது. என்னுடன் பணியாற்றும் வேதியியல் ஆசிரியர், ஏழாம் வகுப்பில் படிக்கும் தம் மகளுக்காக அத்தகைய பெட்டி ஒன்றை வாங்கிக் கிணற்றடிச் சுவரில் மாட்டினார். ஒரு வாரத்தில் பெட்டி 23 பறவைகளின் பெயர்களைப் பட்டியலிட்டது. அவற்றுள் எத்தனையைக் கண்ணால் பார்த்தாய் என்று அச்சிறுமியைக் கேட்டேன். காகம், மைனா, தவிட்டுக்குருவி ஆக மூன்று என்றாள். பட்டியலில் இமயமலைக் காடுகளில் வாழும் ஆந்தை ஒன்றும் இருந்தது!

இக்கருவிகள் வேலை செய்யும் விதம் எளிதில் விளங்கக்கூடியதே. ஒலிவாங்கியில் விழும் ஒலி சிறு சிறு துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொன்றும் ஒரு படமாக மாற்றப்படுகிறது. படத்தின் கிடை அச்சு காலம். நிலை அச்சு அதிர்வெண். எந்த அதிர்வெண்ணில் ஆற்றல் மிகுந்திருக்கிறதோ அங்கே கறை அடர்த்தியாக விழும். குயிலின் கூவல் மேல்நோக்கி ஏறும் கோடாகத் தெரியும். பல்லாயிரம் பதிவுகளைக் கொண்டு முன்பே பழக்கப்பட்ட கணிப்பொறி, இந்தக் கறை எந்தப் பறவையின் கறையைப் போன்றிருக்கிறது என்று பார்க்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய 'பேர்ட்நெட்' இம்முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ராஸ்பெரி பை எனும் உள்ளங்கையளவு கணிப்பொறியிலேயே இதை ஓட்டும் 'பேர்ட்நெட்-பை' என்ற அமைப்பும் உண்டு. அது பெயரோடு அந்த ஒலித்துண்டையும் அதன் படத்தையும் சேர்த்தே வைக்கிறது. ஒலி வீட்டை விட்டு வெளியே போகவும் தேவையில்லை. நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கும் பெட்டி, வீட்டார் பேச்சையும் கேட்கும் என்பதை வாங்குவோர் மறந்துவிடக் கூடாது.

ஆக, அறிவியலில் குறை சொல்ல அதிகம் இல்லை. அந்த அறிவியலைத் தொடக்கநிலையினர் கையில் கொடுக்கும் விதத்தில்தான் குறை இருக்கிறது.

பெட்டி பெயருடன் 0.90 என்பது போன்ற எண்ணையும் காட்டுகிறது. இதைக் காண்பவர் "நூற்றுக்குத் தொண்ணூறு சரி" என்றே எடுத்துக்கொள்வார். அது அப்படியல்ல. அவ்வெண் கருவி தனக்குத் தானே இட்டுக்கொள்ளும் மதிப்பெண், நிகழ்தகவு அன்று. பேர்ட்நெட்டை உருவாக்கியவர்களே 2024-ல் வெளியிட்ட கட்டுரையில் இதை எச்சரித்திருக்கிறார்கள்.

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். கருவி 12 மணி நேரம் கேட்கிறது. ஒவ்வொரு துண்டும் 3 வினாடி. எனவே ஒரு நாளில் 14,400 துண்டுகள். அரிய பறவை ஒன்று அவற்றுள் 12 துண்டுகளில் மட்டும் கூவுவதாகவும், கருவி அவற்றில் பத்தைச் சரியாகப் பிடிப்பதாகவும் கொள்வோம். மற்றத் துண்டுகளில் ஆயிரத்துக்கு ஒன்றில் மட்டுமே அது தவறுகிறது எனலாம். கேட்பதற்கு மிகச் சிறந்த கருவியாகத் தோன்றுகிறது அல்லவா? ஆனால் ஆயிரத்துக்கு ஒன்று என்றால் நாளொன்றுக்குப் 14 தவறுகள். மொத்தம் 24 முறை அப்பறவையின் பெயர் திரையில் வரும். அவற்றுள் பத்துதான் உண்மை. பறவை எவ்வளவு அரிதோ அவ்வளவுக்குத் தவறின் பங்கு கூடும். தொடக்கநிலையினர் துள்ளிக் குதிப்பதும் அரிய பறவையின் பெயரைக் கண்டுதான்!

இதற்கு மாற்று உண்டு. இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பதையும் கொடுத்தால், அங்கே அப்போது இருக்க முடியாத பறவைகளைப் பேர்ட்நெட் ஒதுக்கிவிடும். நண்பர் வாங்கிய பெட்டியிலும் இந்த வசதி இருந்தது. ஆனால் அதை நிரப்பாமலேயே பெட்டி இயங்கத் தொடங்கிவிட்டது. இமயமலை ஆந்தை வந்த வழி இதுதான். அந்த ஆந்தையின் குரல் யாருடையது என்று தேடினோம். கிணற்றுக் கப்பி. மற்றொரு சிட்டின் பெயரில் பதிவாகிக்கொண்டிருந்தது நம் அணில்! பறவை போலவே கத்தும் அணில் அப்பெட்டியின் பட்டியலில் இல்லை. 2021-ல் வெளிவந்த பேர்ட்நெட் ஆய்வுக் கட்டுரையில் இருந்த 984 இனங்களும் வட அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சேர்ந்தவை. இன்று அந்த எண்ணிக்கை பல மடங்காகி நம் பறவைகளும் இடம்பெற்றுவிட்டன. எனினும் பிறந்த வீட்டின் ஓசைகள் அங்கே. கப்பியும் அணிலும் இங்கே.

என் முக்கியமான குற்றச்சாட்டு வேறு. கார்னெல் ஆய்வகத்தின் 'மெர்லின்' என்ற கைபேசிச் செயலி 2014-ல் வந்தது. அது முதலில் கேள்வி கேட்டது: எங்கே பார்த்தீர்கள், எந்த நாளில், எவ்வளவு பெரியது, என்னென்ன நிறங்கள், என்ன செய்துகொண்டிருந்தது? இந்த ஐந்துக்கும் விடை சொல்ல வேண்டுமானால் பறவையை உற்றுப் பார்த்தே தீர வேண்டும். 2021-ல் அதே செயலியில் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் பகுதி சேர்ந்தது. வியக்கத்தக்க சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பகுதியில் இந்தக் கேள்விகள் இல்லை. தேர்வில் விடைத்தாளை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு வினாத்தாளைக் கொடுப்பது போன்ற ஏற்பாடு இது. ஆசிரியர் என்ற முறையில் எனக்கு 2014-ன் மெர்லினையே பிடிக்கிறது.

தீனித் தட்டில் ஒளிப்படக் கருவி பொருத்திய கூடுகளும் உண்டு. அவை நம் தோட்டத்துக்கு அரைப்பயனே தரும். தானியத்துக்கு வருபவை புறாவும் சிட்டுக்குருவியும் போன்றவை. தேன்சிட்டும் தையல்சிட்டும் தட்டுக்கு ஏன் வரப் போகின்றன?

அப்படியானால் பெட்டி என்ன செய்ய வேண்டும்? பெயரைச் சொல்வதற்கு முன் திசையைச் சொல்லலாம். 20 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு ஒலிவாங்கிகளைப் பொருத்தினால், பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒன்றை அடைந்து சுமார் 0.6 மில்லி வினாடி கழித்தே மற்றதை அடையும். வினாடிக்கு 48,000 முறை அளவெடுக்கும் கருவிக்கு இது 28 அளவீடுகளின் தூரம். நேர் எதிரே உள்ள பறவையின் திசையைக் கோட்பாட்டளவில் இரண்டு பாகைக்குள் கூறிவிடலாம். சுவரோடு பதித்துவிட்டால் முன்னா பின்னா என்ற குழப்பமும் இராது. "இடப்பக்கம், முருங்கை மரம், போய்ப் பார்" என்று பெட்டி சொல்லட்டும். குழந்தை பார்த்து வந்து நிறத்தையும் அளவையும் சொன்ன பிறகு பெயர் தெரியட்டும். செலவு கூடுதலாக ஒரு ஒலிவாங்கி மட்டுமே.

இப்போதைக்கு நண்பர் வீட்டுப் பெட்டியின் திரைமேல் ஒரு தாளை ஒட்டினோம். நோட்டில் எழுதிய பிறகே தாளைத் தூக்கலாம் என்பது ஒப்பந்தம். இரண்டாம் வாரத்தில் அவள், "பழுப்பு உடம்பு, வெள்ளைப் புள்ளிகள், சிவந்த கண், காகத்தைவிடச் சிறியது" என்று எழுதித் தாளைத் தூக்கினாள். 'குயில்' என்றது பெட்டி. குயில் கறுப்பு, பெட்டி பொய் சொல்கிறது என்று வாதாடினாள். கறுப்பு ஆணுக்குத்தான், பெண் குயில் இப்படித்தான் இருக்கும் என்று படத்தைக் காட்டினேன். சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் போன வாரத்துப் பெயர்களில் எதெது சரி, மாமா? அந்தச் சத்தங்களை மறுபடி கேட்கலாமா?" என்றாள்.

மூவரும் உட்கார்ந்து பெட்டியின் நினைவகத்தைத் தேடினோம். 23 பெயர்கள் இருந்தன, ஒவ்வொன்றும் வந்த நேரம் இருந்தது, மதிப்பெண் இருந்தது. ஒலிப்பதிவு ஒன்றுகூட இல்லை.