பாட்டு ஏட்டில், பாடியவர் எங்கே?

தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் 1958-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மலையருவி’யை மீண்டும் ஒருமுறை படித்து முடித்தேன். வெள்ளையர் ஆட்சியில் அதிகாரியாயிருந்த பெர்சி மாக்வீன் திரட்டிய நாட்டுப் பாடல்கள் அந்நூலகத்தை அடைந்தன. அவற்றை வகைப்படுத்தி, ஆராய்ச்சி முன்னுரையோடு பதிப்பித்தவர் கி. வா. ஜகந்நாதன் அவர்கள்.

நன்றிக்குரிய பணி. சார்லஸ் கோவர் 1871-இல் சென்னையில் வெளியிட்ட நூலில் நம் பாடல்கள் ஆங்கிலச் செய்யுளாக மாறி நின்றன. இதிலோ தெம்மாங்கும் தாலாட்டும் தம் சொந்த நாவால் பேசுகின்றன. கொச்சையெனப் புலவர்கள் ஒதுக்கியவற்றுக்குச் சுவடிகளைக் காக்கும் நூலகம் இடமளித்தது சிறு செய்தியன்று.

எனினும் ஒரு குறை. பாட்டு இருக்கிறது, பாடியவர் இல்லை. எவ்வூரில், எவ்வேலையின் நடுவே, யார் வாயிலிருந்து வந்தது என்று பாட்டுத்தோறும் அறிய வழியில்லை. ராவியின் பெயரின்றி எதையும் ஏற்றுப் பழகாத எனக்கு (மதரஸாப் பழக்கம் எளிதில் விடாது!) இது உறுத்துகிறது. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் அபுல் ஃபரஜ் இஸ்ஃபஹானி தொகுத்த ‘கிதாபுல் அகானி’ பாட்டோடு நிற்பதில்லை. இயற்றியவர், இசையமைத்தவர், பண், செய்தி சொன்னவர் வரிசை அனைத்தும் தருகிறது. அது அரசவைப் பாடகர்க்குக் கிடைத்த மதிப்பு, நாற்று நடுபவளுக்கு ஏது என்பீர்கள். ஸ்காட்லாந்தைப் பாருங்கள். அங்கே ஜேம்ஸ் ஜான்சன் 1787 முதல் 1803 வரை ஆறு தொகுதிகளில் 600 பாடல்களை மெட்டின் இசைக்குறிப்போடு அச்சிட்டார். 1839-இல் மறுபதிப்பு வந்தபோது பாடல்களின் வரலாறு பற்றி ஸ்டென்ஹவுஸ் எழுதிய குறிப்புகளும் சேர்ந்தன. ஒரு பதிப்பு விட்டதை அடுத்த பதிப்பு தேடி எடுத்தது.

நம்மிலும் அத்தகைய பதிப்பாசிரியர் இல்லாமலில்லை. நா. வானமாமலை அவர்களின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ (1964) பாட்டின் கீழே சேகரித்தவரையும் இடத்தையும் குறிக்கிறது. ஆறு ஆண்டு இடைவெளியில் எத்துணை வேறுபாடு!

இங்கே பேச்சிப்பாறையில், 1906-இல் நிறைவெய்திய அணையைச் சூழ்ந்த மலைகளில் காணிக்காரர் கொக்கரை உரசிச் சாற்றுப்பாட்டுப் பாடுவர். நம் வீடுகளிலும் தாலாட்டு உண்டு. என் உம்மாவைப் பெற்றவர் பாடிய தாலாட்டில் எஞ்சிய நான்கடியைச் சென்ற மாதம் எழுதி வைத்தேன். அடியில் அவர் பெயரையும் ஊரையும் குறித்தேன். அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் பெயருக்கான இடம் வெறுமையாக நிற்கிறது. கேட்டிருக்க வேண்டிய வயதில் நான் அரபு இலக்கணத்தை உருப்போட்டுக் கொண்டிருந்தேன்.